கோல் முதலில், கண் பிறகு

பாடியில் கிளம்பி அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி என்று திருவள்ளூர் வரை போகும் சி.டி.எச். சாலையில் இன்று யாரும் ஆசைப்பட்டு நடப்பதில்லை. லாரியும் ஷேர் ஆட்டோவும் தூசியும் விட்டுவைத்த ஓரத்தில் வேறு வழியில்லாதவர்கள் நடக்கிறார்கள். தமிழ்ப் பக்தி வரலாற்றின் மிகக் கோபமான நடைப்பயணம் ஒன்று இந்தப் பக்கமாகத்தான் போயிருக்கிறது.

திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்த சுந்தரர், திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வந்ததும் சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார். தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. பெரியபுராணம் சொல்லும் கதை இது. பார்வையில்லாமலே அவர் மேற்கே நடந்தார். வழியில் வட திருமுல்லைவாயில். மாசிலாமணீசுவரர் முன் நின்று, தன் துயரத்தைக் களையச் சொல்லிப் பதிகம் பாடினார். பார்வை வரவில்லை. இன்னும் மேற்கே, இன்றைய பூண்டிப் பக்கம் இருந்த திருவெண்பாக்கத்தில், கோயிலுக்குள் இருக்கிறாயா இல்லையா என்று கேட்டேவிட்டார். இருக்கிறேன், நீ போய்க்கொண்டிரு என்ற தோரணையில் பதில் வந்தது. கூடவே கையில் ஓர் ஊன்றுகோலும் கிடைத்தது. அந்தக் கோலை அவர் கோபத்தில் வீசியெறிய, நந்தியின் கொம்பு ஒடிந்தது என்று தல வரலாறு சேர்த்துச் சொல்கிறது. (பூண்டி நீர்த்தேக்கம் வந்தபோது பழைய கோயில் தண்ணீருக்குள் போயிற்று, சாமிகளை எடுத்து வேறு இடத்தில் கோயில் கட்டி வைத்தார்கள். இறைவனுக்கு ஊன்றீசுவரர் என்றே பெயர்.) காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு கண் வந்தது. நடுவே திருத்துருத்தியில் உடம்பைப் பிடித்திருந்த பிணி குளத்து நீரில் தீர்ந்தது. இன்னொரு கண்ணுக்குத் திருவாரூர் வரை நடக்க வேண்டியிருந்தது.

விசித்திரமான வைத்திய வரிசை. முதலில் நடப்பதற்கு ஒரு துணை, பிறகு குணம், அதுவும் தவணையில். நினைத்தால் ஒற்றியூரிலேயே முடித்திருக்கக்கூடிய காரியம்தானே?

புற்றுநோய்க்காரர்களின் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை. அம்பத்தூர் ஏரிக்கரையிலோ, ஆவடி பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றியுள்ள நடைபாதையிலோ, கீமோ முடிந்து இப்போதுதான் முடி முளைக்கத் தொடங்கிய ஒருவர் காலையில் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எதை நம்பி நடக்கிறார்? விதிதான் நோயைக் கொண்டுவந்தது என்றால் நடந்து என்ன ஆகப்போகிறது? நடந்தால் நோய் விலகும் என்றால், நடந்தும் திரும்பி வந்தவருக்கு என்ன பதில்?

முதலில் சான்றைப் பார்க்கலாம். 2025 ஜூனில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் 'சேலஞ்ச்' என்ற ஆய்வின் முடிவு வெளிவந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேர். பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள 55 சிகிச்சை மையங்கள். 2009இல் தொடங்கிய வேலை. பாதிப் பேருக்கு மூன்று ஆண்டு உடற்பயிற்சித் திட்டம். மறுபாதிக்கு உடற்பயிற்சியும் நல்ல உணவும் பற்றிய கையேடுகள் மட்டும். பயிற்சி என்றால் பெரிய வித்தை எதுவும் கிடையாது. வாரத்தில் மூன்று நான்கு நாள், முக்கால் மணி நேரம் வேகமாக நடந்தால் எவ்வளவு வருமோ, ஏறக்குறைய அவ்வளவைத்தான் வழக்கத்துக்கு மேல் கூடுதலாகக் கேட்டார்கள். ஐந்தாண்டு முடிவில் நோய் இல்லாமல் உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 80.3 சதவீதம், கையேட்டுக் குழுவில் 73.9. எட்டாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 90.3 சதவீதம், 83.2 சதவீதம். தசை வலி, மூட்டுப் பிடிப்பு போன்ற தொல்லைகள் பயிற்சிக் குழுவில் கொஞ்சம் அதிகம்: 18.5 சதவீதம், மற்றதில் 11.5.

இதற்கு முன்னாலும் இப்படிச் சொன்ன ஆய்வுகள் நிறைய உண்டு. நடந்தவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள் என்றுதான் அவையும் சொல்லின. ஆனால் நன்றாக இருப்பவர் நடக்கிறாரா, நடப்பதால் நன்றாக இருக்கிறாரா என்று பிரித்துப் பார்க்க வழியில்லாமல் இருந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டது மாதிரி ஆட்களைப் பிரித்ததால் சேலஞ்ச் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு மட்டும்தான் தீர்த்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மார்பகத்துக்கும் நுரையீரலுக்கும் இதே எண்ணிக்கையைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

இந்த எண்களை நூறு பேர் கொண்ட வரிசையாக நிறுத்திப் பார்த்தால் தத்துவம் தானாக வந்து நிற்கும். எழுபத்துநான்கு பேர் பயிற்சி இல்லாவிட்டாலும் நன்றாகவே இருந்திருப்பார்கள். இருபது பேருக்குப் பயிற்சி செய்தும் பலனில்லை. நடுவில் இருக்கும் ஆறு பேருக்குத்தான் நடை நோயில்லாத வாழ்வைக் கொடுத்தது. அந்த ஆறு பேர் யார் என்று எந்த ஸ்கேனும் காட்டாது, எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது. ஐந்து ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்த்தாலும் அவர்களுக்கே தெரியாது. நூறு பேரும் ஒரே மாதிரி செருப்பு மாட்டிக்கொண்டு ஒரே மாதிரிதான் கிளம்ப வேண்டும். பலனை எதிர்பாராமல் கடமையைச் செய் என்று கீதை சொல்வதை உபதேசமாகக் கேட்டுக் கேட்டு நமக்குக் காது மரத்துப்போயிருக்கிறது. இங்கே அது வெறும் கணக்கு. பலன் வந்தாலும் அது தன் நடையால் வந்ததா என்று அடையாளம் காண முடியாதவர் வேறு எப்படித்தான் நடப்பது?

வள்ளுவரே இதில் இரண்டு பேச்சு பேசியவர். ஊழ் என்ற 38ஆம் அதிகாரத்தில் விதியைவிட வலியது எதுவுமில்லை என்கிறார். அதைத் தவிர்க்க எந்த உபாயம் தேடினாலும் விதி முந்திக்கொண்டு வந்து நிற்கும். 62ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமைக்கு வந்தால், தளராமல் உழைப்பவர் அந்த விதியையே புறமுதுகிட்டு ஓடச்செய்வார் என்கிறார். தெய்வத்தால் ஆகாதது என்றாலும், உடலை வருத்திய அளவுக்குக் கூலி உண்டு என்கிறார். உரைகாரர்கள் இரண்டையும் சமாதானம் செய்யப் படாதபாடு பட்டிருக்கிறார்கள். அந்த நூறு பேர் வரிசையைப் பார்த்தால் சமாதானமே தேவையில்லை என்று தோன்றுகிறது. இருபது பேருக்கு 38ஆம் அதிகாரம், ஆறு பேருக்கு 62ஆம் அதிகாரம். புத்தகம் ஒன்றுதான்.

ஆனால் கூலி என்று வள்ளுவர் சொன்னதில் நோயாளிகளுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருக்கிறது. அந்தக் கூலி ஐந்தாண்டு கழித்து வருவதல்ல. அன்றாடம் வருவது.

புற்றுநோயோடும் அதன் சிகிச்சையோடும் வரும் சோர்வு வேறு ரகம். வேலை செய்து களைத்தால் தூங்கி எழுந்ததும் சரியாகிவிடும். இந்தச் சோர்வு தூங்கி எழுந்தால் இன்னும் கூடியிருக்கும். படுத்தால் தீராது என்பதுதான் அதன் முதல் லட்சணம். 2017இல் ஜாமா ஆன்காலஜி இதழில் 113 ஆய்வுகளைத் தொகுத்து, 11,525 பேரின் விவரங்களைப் பார்த்தார்கள். இந்தச் சோர்வுக்கு மருந்து மாத்திரைகளைவிட உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும் தெளிவாக அதிக பலன் தந்தன. அசதியாக இருப்பவர் எழுந்து நடந்தால் அசதி குறையும் என்பது கேட்கும்போதே பொய் மாதிரி இருக்கும். பத்து நாள் நடந்து பார்த்தவர் நம்புவார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பவர் நம்பமாட்டார்.

பக்கத்தில் இருப்பவர்தான் இங்கே பெரிய சிக்கல். "உடம்பு தாங்காதும்மா, படுத்துக்கோ" என்பது நம் வீடுகளில் அன்பின் முதல் வாக்கியம். ஹார்லிக்ஸும் இளநீரும் கட்டிலுக்கே வரும். டம்ளரைக் கழுவப் போனால் திட்டு விழும். இதில் குடும்பத்தை மட்டும் குறைசொல்ல முடியாது. வைத்தியமும் வெகுகாலம் இதையே சொல்லிக்கொண்டிருந்தது. கீமோ எடுக்கும் பெண்களை சைக்கிள் பயிற்சிக் கருவியில் உட்காரவைத்துப் பார்க்கலாமா என்ற யோசனையை 1980களில் ஓஹியோவில் ஆய்வாளர்கள் கையில் எடுத்தபோது அது துணிச்சலான காரியம். படுக்கை என்ன செய்யும் என்பதற்கு அதற்கும் முந்தைய சாட்சி உண்டு. 1966இல் டல்லஸ் நகரத்தில் இருபது வயது ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். முப்பது ஆண்டு கழித்து அதே ஐந்து பேரைச் சோதித்தபோது, முப்பது ஆண்டு முதுமை செய்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அவர்கள் உடல் திறனை அதிகம் கெடுத்திருந்தது தெரிந்தது. இருபது வயதுக்கே இந்தக் கதி என்றால், ஐம்பது வயதில் ஆறு சுற்று கீமோ எடுத்தவர் மூன்று மாதம் கட்டிலில் கிடந்தால் என்ன மிஞ்சும்?

குடம் தூக்குவது இன்னொரு விவகாரம். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆன பெண்ணிடம், அந்தப் பக்கக் கையால் எதையும் தூக்காதே, கை வீங்கிவிடும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். தண்ணீர் லாரி வந்து நின்றதும் பிளாஸ்டிக் குடத்தோடு ஓடவேண்டிய தெருக்கள் உள்ள ஊரில் இது எவ்வளவு பெரிய விலக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. 2009இல் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை வைத்து இதைச் சோதித்தார்கள். பாதிப் பேர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டித் தூக்கினார்கள். வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவது, தூக்காதவர்களில் 29 சதவீதம் பேருக்கு நேர்ந்தது. தூக்கியவர்களில் 14 சதவீதம் பேருக்குத்தான். முதல் நாளே நிறைகுடத்தைத் தூக்கலாம் என்று இதற்குப் பொருளில்லை. அரை கிலோவில் தொடங்கும் காரியம் இது. எலும்பில் நோய் பரவியிருந்தாலோ, தட்டணுக்கள் குறைந்திருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது.

நோயாளிகள் தங்கள் பலத்தை அளக்க ஆய்வுக்கூடம் தேடுவதில்லை. ஆவடியிலும் அம்பத்தூரிலும் இருந்து சென்ட்ரலுக்கு எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து, எதிரே இருக்கும் ஜி.எச்.சுக்குப் போகிறவர்களுக்கு ஸ்டேஷன் மேம்பாலப் படிக்கட்டே போதும். போன தடவை எந்தப் படியில் மூச்சு வாங்கியது, இந்தத் தடவை எந்தப் படியில் என்பதே ரிப்போர்ட். பூந்தமல்லிப் பக்கத்துக்காரர்கள் காஞ்சிபுரம் காரப்பேட்டைக்குப் போவார்கள். 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோயால் மறைந்த அண்ணாவின் பெயரில் அங்கே அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. பஸ்ஸின் உயரமான முதல் படி அவர்களுக்கு அளவுகோல். டாக்டர்களுக்கும் இதுதான் அளவுகோல் என்பது பலருக்குத் தெரிவதில்லை. உலகம் முழுவதும் புற்றுநோய் மருத்துவர்கள் 'ஈகாக்' என்றொரு மதிப்பெண் போடுகிறார்கள். அதில் ஒரு முக்கியமான கோடு, விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுகிறாரா என்ற கேள்வியில் விழுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தால் அடுத்த கீமோ கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அந்தப் பக்கம் போய்விட்டால் டாக்டர் தயங்குவார். நடை பல நேரம் சிகிச்சைக்கே நுழைவுச்சீட்டு.

இவ்வளவு நல்ல செய்தியில் ஒரு விஷமும் கலந்திருக்கிறது. நோய் வந்ததும் ஊர் கேட்கும் முதல் கேள்வி, என்ன பாவம் செய்தாரோ என்பது. முன்வினை என்று சொல்லிக் கேள்வியை மூடுவார்கள். படித்த வீடுகளில் பாவம் என்ற சொல் இப்போது கேட்பதில்லை. அந்த இடத்தில் "வாக்கிங் போனதே இல்லை", "ஃபாஸ்ட் ஃபுட் நிறைய சாப்பிடுவார்", "டென்ஷன் பார்ட்டி" என்று வந்திருக்கிறது. வினை வேட்டியைக் கழற்றிவிட்டு ட்ராக் சூட் போட்டுக்கொண்டது, தீர்ப்பு மாறவில்லை. முன்வினைக் கொள்கையிலாவது குற்றம் போன பிறவியில் இருந்தது, இவருக்கு ஞாபகம் இல்லை என்று ஒரு சலுகை உண்டு. இந்தப் புதிய வினையில் அதுவும் கிடையாது. நோய் திரும்பியவர் டாக்டரிடம், "நான் ஒழுங்காத்தான் சார் நடந்தேன்" என்று சொல்லும்போது அவர் தகவல் சொல்லவில்லை, குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். வரிசையில் அந்த இருபது பேரை மறந்துவிட்டு ஆறு பேரை மட்டும் மேடையேற்றும் பேச்செல்லாம் இந்த அநியாயத்தைத்தான் வளர்க்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நாளெல்லாம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வருகிறவரிடம் ஏன் வாக்கிங் போகவில்லை என்று கேட்பவருக்கு அந்த நாளின் கணக்கு தெரியாது.

சுந்தரர் விஷயத்தில் குற்றம் வெளிப்படை. சத்தியம் செய்தார், மீறினார், கண் போயிற்று. அப்படியிருந்தும் அவர் குனிந்து மன்னிப்பு மட்டும் கேட்டுக்கொண்டு நடக்கவில்லை. வாதாடினார், வைதார், கோலைக்கூட எறிந்தார். காரணமே தெரியாமல் நோய் வந்தவர்களுக்கு அவரைவிட அதிக கோபப்பட உரிமை இருக்கிறது. கோபத்தோடு நடந்தாலும் நடை நடைதான், தசைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

யோகா வகுப்புகளில் மேற்கோள் காட்டப்படுபவர் சுந்தரர் அல்ல, திருமூலர். உடம்பை இழிவென்று நினைத்திருந்தவர், அதற்குள் இருக்கும் பொருளைக் கண்ட பிறகு அதைப் பேணத் தொடங்கினார் என்பது எல்லா வகுப்புகளின் சுவரிலும் உண்டு. அழகான கருத்துதான். ஆனால் அது கட்டுக்குள் இருக்கும் உடம்பை உடைய யோகியின் குரல். ஒரு பக்கத்துச் செல்கள் சொன்ன பேச்சு கேட்காமல் பெருகிக்கொண்டிருக்கும் உடம்பைக் கோயில் என்று கொண்டாடச் சொன்னால், அந்த உடம்பின் சொந்தக்காரருக்கு எரிச்சல்தான் வரும். எதிர்க்கோடியில் ரமணர். இடது கையில் சார்கோமா வந்து, பலமுறை ஆபரேஷன் ஆகி, 1950 ஏப்ரல் 14 அன்று திருவண்ணாமலையில் மறைந்தார். உங்களையே நீங்கள் குணப்படுத்திக்கொள்ளக் கூடாதா என்று அழுத பக்தர்களுக்கு, உடம்பே ஒரு நோய்தான் என்ற பொருளில் பதில் சொன்னவர். டாக்டர்கள் செய்ததைத் தடுக்கவும் இல்லை, அதை நம்பி ஏங்கவும் இல்லை. அந்த உயரத்துக்கு ஏறியவர்களுக்கு ஏரிக்கரையில் வேலை இல்லை. மற்றவர்களுக்கு மாசிலாமணீசுவரர் பக்கம். தொண்டைமான் என்ற மன்னனின் வாள் பட்ட வெட்டோடு இருக்கும் லிங்கம் அது. ஆண்டு முழுவதும் அந்தக் காயத்தின் மேல் சந்தனக் காப்பு சாத்தியிருக்கிறது. ஆபரேஷன் தழும்போடு சன்னதியில் நிற்பவருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பகுதியின் மக்கள் நோய்க்காக நடப்பது புதிதில்லை. மாங்காட்டில் ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு போய் வருவார்கள். திருவேற்காட்டுக் கருமாரியம்மனுக்கு நடந்தே வருவதாக நேர்ந்துகொள்வார்கள். வேண்டுதலின் அமைப்பு தெளிவானது: நீ தா, நான் வருகிறேன். இருவருக்கும் இடையே ஒப்பந்தம் இருக்கிறது, ஒப்பந்தம் நிறைவேறினால் கடன் தீர்கிறது. கீமோவுக்குப் பிறகான நடையில் எதிர்த்தரப்பு கையெழுத்தே போடவில்லை. அதனால்தானோ என்னவோ, கோயிலுக்கு எட்டு கிலோமீட்டர் நடந்துவிடுகிறவர்களுக்கு ஏரியை இரண்டு சுற்று சுற்றுவது கஷ்டமாக இருக்கிறது. பிரகாரத்தை ஒன்பது சுற்று சுற்றுகிறவரிடம், இதையே கொஞ்சம் வேகமாகச் சுற்றுங்கள் என்று சொல்லும் டாக்டர் புத்திசாலி.

நடக்கவே முடியாதவர்களைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் அது அரைகுறை. அதற்குப் பூந்தமல்லி போக வேண்டும். பூவிருந்தவல்லி என்று வைணவர்கள் சொல்லும் இந்த ஊர்தான் திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். காஞ்சி வரதராஜருக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு அவருடையது. தினமும் இங்கிருந்து பூ எடுத்துக்கொண்டு காஞ்சிக்கு நடந்தே போவார் என்பது இங்குள்ள வரதராஜப் பெருமாள் கோயிலின் ஐதிகம். முதுமை வந்தது. கால் ஓய்ந்தது. போக முடியவில்லையே என்று அவர் தவித்தபோது, வரதராஜரே பூந்தமல்லிக்கு வந்து காட்சி கொடுத்தார். ஒரே மேற்குத் திசையில் இரண்டு கதைகள். அங்கே, கண்ணில்லாதவனுக்குக் கோலைக் கொடுத்து நடக்கச் சொன்ன கடவுள். இங்கே, கால் ஓய்ந்தவனைத் தேடி நடந்து வந்த கடவுள்.

வைணவம் இதை வைத்து நூற்றாண்டுகளாகச் சண்டை போட்டிருக்கிறது. குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றது வடகலை. பூனைக்குட்டி சும்மா இருந்தால் போதும், தாயே கவ்விக்கொண்டு போகும் என்றது தென்கலை. புற்றுநோய் வார்டில் ஒரே ஆள் ஒரே மாதத்தில் இரண்டு குட்டியாகவும் இருப்பார். கீமோ ஏறிய முதல் நான்கு நாள் பூனைக்குட்டி. பத்தாவது நாள் குரங்குக்குட்டி. எந்த நாள் எது என்று தெரிந்துகொள்வதுதான் அவர்கள் கற்றுக்கொள்ளும் வித்தை. அதை அவர்களுக்கு எந்த மடமும் சொல்லித்தருவதில்லை. இனி நடைக்கே இடமில்லை என்ற கட்டத்தில் இருப்பவர்களுக்கும் நம்பிகளிடம் ஒரு செய்தி இருக்கிறது. ராமானுஜருக்காக அவர் வரதராஜரிடம் கேட்டு வந்த ஆறு வார்த்தைகளில் ஒன்று, சரணடைந்தவன் கடைசி நேரத்தில் இறைவனை நினைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது. மார்ஃபின் மயக்கத்தில் இருப்பவரின் காதருகே குனிந்து, "சாமி பேரைச் சொல்லுப்பா" என்று உலுக்கும் உறவினர்களுக்கு இதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

நம்பிகளைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. எனக்கு மோட்சம் உண்டா என்று வரதராஜரிடமே கேட்டார். நீ விசிறினாய், நாம் உன்னோடு பேசினோம், கணக்கு அதோடு சரி என்று பதில் வந்தது. மோட்சத்துக்கு ஒரு ஆசாரியன் வேண்டும். தினமும் பெருமாளோடு நேரில் பேசியவருக்கே, கூட நின்று வழிநடத்த ஒரு மனிதர் தேவைப்பட்டார். ராமானுஜருக்கும் ஆறாவது வார்த்தையாகக் கிடைத்தது, பெரிய நம்பி என்ற ஆசாரியனைப் போய்ப் பற்றிக்கொள் என்பதுதான்.

சேலஞ்ச் ஆய்வில் பலரும் வேகமாகப் படித்துத் தாண்டிவிடும் இடம் ஒன்று இருக்கிறது. உடற்பயிற்சி நல்லது என்ற விஷயம் இரண்டு குழுவுக்கும் தெரியும். கையேடு இரண்டு குழுவிடமும் இருந்தது. பயிற்சிக் குழுவுக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஓர் ஆள். முதல் ஆண்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அடுத்த இரண்டு ஆண்டுகளில் மாதம் ஒருமுறை, கூப்பிட்டு உட்காரவைத்து, இந்த வாரம் நடந்தீர்களா, ஏன் முடியவில்லை, முழங்கால் வலித்தால் என்ன செய்யலாம் என்று கேட்கும் ஓர் ஆலோசகர். மூன்று ஆண்டில் ஏறத்தாழ 50 சந்திப்பு. 74க்கும் 80க்கும் நடுவே இருந்த வித்தியாசம் அந்த ஆளிடம் தொடங்கியது. புற்றுநோயாளிகளுக்கு உடற்பயிற்சியின் நன்மை தெரியவில்லை, விழிப்புணர்வு வேண்டும் என்று பேனர் கட்டுகிறவர்கள் கையேட்டுக் குழுவைத்தான் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறார்கள். 1996இல் வான்கூவரில் டாக்டர் டான் மெக்கென்ஸி மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களை டிராகன் படகில் ஏற்றித் துடுப்புப் போடவைத்தார். கை வீங்கும் என்ற பயத்தைப் பொய்யாக்குவதுதான் நோக்கம். வீங்கவில்லை. அந்தப் பெண்கள் படகைவிட்டு இறங்கவும் இல்லை. இன்று அதைப் பார்த்து உலகம் முழுவதும் அப்படிப்பட்ட படகுக் குழுக்கள் இருக்கின்றன. துடுப்புக்காக வந்தவர்கள் கூட்டத்துக்காக இருந்துவிட்டார்கள்.

திருவள்ளூர் மாவட்டத்தில் இப்படி ஓர் ஆளும் கூட்டமும் அமைவதற்கான சாமான்கள் ஏற்கெனவே சிதறிக் கிடக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்களும் நோய்த் தணிப்புச் செவிலியர்களும் வீட்டுக்கே வருகிறார்கள். 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையை அரசு அடையாளம் காட்டியது. ஏரிக்கரைகளில் காலை ஐந்தரை மணிக்கே ஆட்கள் உண்டு. இவற்றில் எதிலும் கீமோ முடித்து வீடு திரும்பியவரின் பெயர் தனியாக எழுதப்படுவதில்லை. இயன்முறை மருத்துவரின் பட்டியலில் பக்கவாதத்துக்கும் மூட்டுவலிக்கும் பக்கத்தில் இன்னொரு வரியைச் சேர்த்து, அந்த 50 சந்திப்பில் பாதியையாவது தரமுடியுமா என்று ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு வட்டாரத்தில் இரண்டு ஆண்டு செய்து பார்ப்பதற்குப் புதிதாகக் கட்டடம் எதுவும் தேவையில்லை.